‘மதி’ என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும்

என் மகன் தனக்கு வேண்டியதைக் கேட்பதற்காகச் சொன்ன முதல் சொல் மலையாளம். ‘மதி’ என்றான். தமிழில் நிலவையும் அறிவையும் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு மலையாளத்தில் ‘போதும்’ என்று பொருள். அப்போது அவனுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அதுவரை போதும் என்று தெரிவிக்க அவனிடம் இருந்த ஒரே வழி, வலது கையின் கட்டைவிரல் மேட்டைக் கடிப்பது. கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போய், உளி பிடிக்கிறவர் உள்ளங்கைபோலத் தடித்திருந்தது. இன்றும் அந்தத் தடம் லேசாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் அவனைத் ‘தம்பி’ என்று அழைக்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். என் மாமியாரின் அம்மாவுக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். என் கணவர் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு புளியரை சோதனைச்சாவடி தாண்டிப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் போகிறவர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். தம்பிக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவனுக்கு மூன்று வயதானபோது ஆட்டிசம் என்று சொன்னார்கள்.

முதலில் போன பயிற்சி மையம் மலைக்கு இந்தப் பக்கம், ஒரு பெரிய ஊரில் இருந்தது. ஏழு மாதம் போனோம். கதவுக்கு வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் ஒரு தாள் வரும்: ‘நடத்தையில் 75 சதவீத முன்னேற்றம்’. வீட்டுக்கு வந்தால் கை கடிப்பது அப்படியேதான் இருக்கும். எதில் 75, எத்தனைக்கு எத்தனை, யார் எண்ணினார்கள் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நான்தான் வீட்டில் ஏதோ தவறு செய்கிறேன் என்று பல இரவு அழுதிருக்கிறேன். குழந்தைக்கு இப்போதுதான் பயிற்சி தொடங்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சதவீதம் போட்டுத் தாள் கொடுத்தால், அதன் அடியில் இருக்கும் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

புனலூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஒருவரைப் பற்றி என் கணவருக்குக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். வாரம் இரண்டு நாள் காலை பஸ்ஸில் கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய், மதியம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவோம். கேரளத்துப் பழக்கப்படி நாங்கள் அவரை டீச்சர் என்றுதான் அழைக்கிறோம். முதல் நாள் அவர் தம்பியைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள் சேச்சி, திட்டாதீர்கள், தடுக்காதீர்கள், எண்ணிக்கொண்டு மட்டும் வாருங்கள்” என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

எண்ணுவது பார்க்க எளிது. அடுப்பில் குழம்பு, கையில் துணி, பெரியவளுக்கு வீட்டுப்பாடம் என்று இருக்கும்போது நோட்டை எடுத்து எழுத முடியாது. எனக்குக் கைகொடுத்தது தையல் பெட்டி. புடவைக் கொசுவத்தின் வலது பக்கம் ஒரு துணிப்பை, இடது பக்கம் ஒன்று. காலையில் வலது பையில் முப்பது சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்வேன். அவன் ஒருமுறை கடித்தால் ஒரு பொத்தான் இடது பைக்கு மாறும். இரவு இடது பையை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு, அந்தப் பொத்தான்களை மூடி இறுக்கமான ஒரு பாட்டிலில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். சின்னப் பொருளை வாயில் போடும் குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் கீழே கிடக்கக் கூடாது. அதில் கவனமாக இருந்தேன். பொத்தான் இல்லாதவர்கள் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக் கை மாற்றுகிறவர்களும் உண்டு.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஆச்சி என்று கூப்பிடுவதால் நானும் இங்கே ஆச்சி என்றே சொல்கிறேன். “பிள்ளையை எண்ணாதே, கண் பட்டுவிடும்” என்றார். நான் எண்ணுவது பிள்ளையை அல்ல, அவன் படும் பாட்டை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் நான் கடைத்தெருவுக்குப் போனபோது அவரே இரண்டு பையையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரே மாலை நேரத்துக்கு ஆச்சியின் கணக்கு ஆறு, என் கணக்கு பதினான்கு. டீச்சரிடம் சொன்னபோது, எது ‘ஒன்று’ என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார். உட்கார்ந்து எழுதினோம். பல் தோலில் பட்டால் ஒன்று. கை வாயருகே போய் நின்றுவிட்டால் கணக்கில் இல்லை. கையை விட்டுவிட்டு மூன்று விநாடி கழித்து மீண்டும் கடித்தால் இரண்டு. இதை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிய பிறகு எங்கள் இருவர் கணக்கும் ஒன்று இரண்டுக்குமேல் வேறுபடவில்லை. அந்த இரண்டு வாரத்தின் சராசரி ஒரு நாளைக்குப் பதின்மூன்று. இந்த எண்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிக்கல். தொடக்கத்தில் எங்கே நின்றோம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து மனம் சோர்ந்திருக்கும் நாளில் ‘ஒன்றும் மாறவில்லை’ என்றும், நல்ல நாளில் ‘எல்லாம் மாறிவிட்டது’ என்றும் தோன்றும். இரண்டும் உண்மையாக இருக்காது.

எண்ணிக்கையோடு இன்னொரு வேலையும் தந்திருந்தார். நோட்டில் மூன்று பத்தி: முன், நடந்தது, பின். கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம். எல்லாவற்றையும் எழுத முடியாது. ஒரு நாளைக்கு நான்கைந்து எழுதினால் போதும். குழந்தை இப்படிச் செய்வதற்குப் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும் என்று டீச்சர் விளக்கியிருந்தார். ஏதோ ஒரு பொருள் வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஒரு உணர்வைத் தருகிறது. காரணம் தெரியாமல் கையை மட்டும் தடுத்தால் அது வேறு எங்காவது வெடிக்கும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டைப் புரட்டினேன். முன் என்ற பத்தியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ‘தைத்துக்கொண்டிருந்தேன்.’ ‘தையல்.’ ‘ஆர்டர் ஜாக்கெட் முடித்துக்கொண்டிருந்தேன்.’ மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை. அந்த ஆண்டுதான் கால்மிதி மிஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தோம். அந்த மோட்டாரின் கீச்சொலி எனக்குக் கேட்பதே இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. அவன் அதே அறையில், அதே தரையில் உட்கார்ந்து கையைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவனைத் தூக்குவேன். பின் என்ற பத்தியில் அதையும் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்: ‘மிஷினை நிறுத்தினேன்.’ கடித்தால் சத்தம் நிற்கும் என்று அவனுக்கு நானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

மறுநாளே என் கணவர் மோட்டாரைக் கழற்றிவிட்டார். மிஷின் பின்கட்டுக்குப் போனது. அவன் அங்கன்வாடியில் இருக்கும் நேரத்தில் தைக்கத் தொடங்கினேன். வருமானம் கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். அடுத்த வாரச் சராசரி எட்டு. பயிற்சி என்று எதையும் இன்னும் தொடங்கவில்லை. குழந்தையை மாற்றுவதற்கு முன் வீட்டில் மாற்ற வேண்டியது என்ன என்று பாருங்கள் என்று யாராவது எனக்கு ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மீதி எட்டு வேறு வகை. பல் தேய்க்கும்போது, சட்டை மாற்றும்போது, டீச்சர் மேசையில் உட்காரவைக்கும்போது. எல்லாம் ‘போதும், விடுங்கள்’ என்பதுதான். அதற்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் கடிப்பதற்குத் தேவை இருக்காது என்றார் டீச்சர். அமெரிக்காவில் பணியாற்றிய கார், டியூரண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. தொந்தரவான நடத்தை எதைச் சொல்ல வருகிறதோ, அதையே சொல்வதற்கு எளிதான வேறொரு வழியைக் கற்றுக்கொடுப்பது. எளிதாக இருப்பது முக்கியம். கடிப்பதைவிடச் சொல்வது கடினம் என்றால் குழந்தை கடிக்கத்தான் செய்யும். அதனால் முதலில் சொல்கூட இல்லை, உள்ளங்கையை விரித்து முன்னால் காட்டினால் போதும். காட்டியவுடன் டீச்சர் ‘மதி’ என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். கடித்தால் கையை மெதுவாக விலக்கி, வேலையில் இன்னும் ஒரே ஒரு சின்னப் பகுதியை முடிக்கவைத்து, உள்ளங்கை காட்டவைத்துப் பிறகு விடுவார். ரத்தம் வரக் கடிக்கும், தலையை மோதும் குழந்தைகளிடம் இதை வீட்டில் தனியாக முயலவே கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, கணக்கு இருபத்து மூன்று. வலது பை ஏறக்குறையக் காலி. அன்று இரவு இனி புனலூர் வேண்டாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘குறைவதற்கு முன்னால் ஒருமுறை கூடும், பயப்படாதீர்கள்’ என்று டீச்சர் சொன்னதை நானே எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்கவில்லை என்றால், குழந்தை அதையே இன்னும் பலமாக முயன்று பார்க்கக்கூடும். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகின்றன. நிறுத்தினால், இன்னும் பலமாகக் கடித்தால் பலிக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. எங்களுக்கு அது பத்து நாளில் இறங்கியது.

புனலூரில் அவன் ‘மதி’ என்று முதலில் சொன்னபோது நான் அறையின் மூலையில் இருந்தேன். உள்ளங்கை எழுந்தது, உதடு சேர்ந்தது, ‘ம’ என்று தொடங்கி ‘தி’ என்று காற்றாக முடிந்தது. டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. “மதி” என்று அதே குரலில் திருப்பிச் சொல்லிவிட்டு மேசையைக் காலி செய்தார். திரும்பும் பஸ்ஸில் கழுத்துருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலம் கடந்தது எனக்குத் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

மூன்று வாரம் கழித்து வீட்டில் சொன்னான். இரவுச் சாப்பாட்டு நேரம். என் நாத்தனார் குடும்பமும் வந்திருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, உள்ளங்கையைக் காட்டி, தெளிவாக ‘மதி’ என்றான். ஒரு விநாடி அமைதி. பிறகு ஆச்சி குலவையிட்டார். நாத்தனார் கை தட்டினார். என் கணவர் அவனைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினார். பெரியவள் குதித்தாள். இன்னொரு முறை சொல், அத்தைக்குச் சொல், போனில் சித்தப்பாவுக்குச் சொல் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம். நானும் கேட்டேன். அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். பிறகு ஒரு கையைக் காதிலிருந்து எடுத்துக் கடித்தான். அந்த வாரத்தில் கடித்த எல்லாவற்றையும்விட ஆழமாக.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

போதும் என்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் கொடுத்தது அதற்கு நேர் எதிரானது. சத்தம், தொடுதல், இன்னும் இன்னும் என்ற வற்புறுத்தல். அவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினான், பலிக்கவில்லை. அவ்வளவுதான். இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முன்னேற்றத்தைக் கொண்டாடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருடைய கொண்டாட்டம் அது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மகிழ்ச்சி உண்மையானது, அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை அவன் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அவனுக்கான கொண்டாட்டம் அவனுக்குப் பிடித்த அளவில், அவனுக்குப் பிடித்த வகையில் இருக்க வேண்டும்.

அவனுக்குப் பிடித்தது என்ன என்பதும் ஊகமாக இருக்கக் கூடாது. தரையில் நான்கு பொருளை வைத்துப் பார்க்கச் சொன்னார் டீச்சர்: முறுக்கு, டார்ச் விளக்கு, பொம்மைக் கார், நூல்கண்டு. இடத்தை மாற்றி மாற்றி ஐந்து நாள் வைத்தேன். ஐந்து நாளும் அவன் முதலில் எடுத்தது நூல்கண்டு. நாங்கள் அதுவரை பரிசாகக் கொடுத்துவந்தது முறுக்கு.

எங்கள் வீட்டில் இப்போது கொண்டாட்டம் என்றால் நூல். ஒரு முழு ரீல், நிறத்தை அவனே எடுப்பான். நுனியைத் திண்ணைத் தூணில் கட்டிவிடுவோம். அவன் ரீலைப் பிடித்துக்கொண்டு நடந்து, வாசல் கேட்டைச் சுற்றி, மீண்டும் தூண், மீண்டும் கேட் என்று ரீல் தீரும்வரை போவான். வெயில் அந்த நூல்மேல் படும்போது தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பான். நாங்கள் யாரும் பேச மாட்டோம். முடிந்த பிறகு, நூலைக் கழற்றிச் சுருட்டும் வரை நான் பக்கத்தில் இருப்பேன், அது கழுத்தில் சிக்கிவிடக் கூடாது. ஒரு நல்ல வாரத்துக்கு ஒரு ரீல். அன்றாடச் சின்ன வெற்றிக்கு, சொன்னது உடனே நடப்பதே பரிசு. ‘மதி’ என்றால் நின்றுவிட வேண்டும், அதைவிடப் பெரிய பரிசு அந்தச் சொல்லுக்கு இல்லை.

அதற்கு ஒரு சோதனை வந்தது, சலூனில். அவனுக்கு நாலரை வயது. முடிவெட்டும் மின்சார மிஷின் தலையின் இடது பக்கம் முழுவதையும் முடித்திருந்தது. அப்போது அவன் கையைப் போர்வைக்கு வெளியே நீட்டி ‘மதி’ என்றான். கடைக்காரர் நல்லவர். “ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன்” என்றார். சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் அவனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். “மதி” என்று சொல்லிவிட்டு அவனை இறக்கிவிட்டார். பாதி வெட்டிய தலையோடு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுவதும் நடந்து வீட்டுக்கு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ‘போதும் என்று சொன்னான்’ என்றே பதில் சொன்னார். மறுபாதியை நான் வீட்டில் கத்தரிக்கோலால், ஒரு நாளைக்குப் பத்து வெட்டு என்று ஒன்றரை வாரத்தில் முடித்தேன். அந்த வாரம் நோட்டில் ‘மதி’ எண்ணிக்கை இரு மடங்கானது. எங்கள்மேல் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று டீச்சர் அதைப் படித்தார்.

வாழ்நாள் முழுவதும் சொன்னவுடன் எல்லாம் நிற்காது என்பதும் தெரியும். ஊசி போடும்போது நிறுத்த முடியாது. அதனால் சொல் நன்றாக வேர்பிடித்த பிறகு, ‘ஒன்று, இரண்டு, மூன்று, மதி’ என்று சின்னக் காத்திருப்பைச் சேர்த்தோம். மூன்று எண்ணிக்கை ஐந்தாகி, பத்தாகி, இப்போது இருபது வரை வந்திருக்கிறது. முதலில் நம்பிக்கை, பிறகு காத்திருப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றத்தை எழுதப் பழகியது பல் தேய்ப்பதில். “பல் தேய்த்துக்கொள்கிறானா?” என்று நாத்தனார் மாதம் ஒருமுறை கேட்பார். நான்கு மாதம் ‘இல்லை’ என்றுதான் பதில். ஆனால் நோட்டில் அந்த நான்கு மாதம் வேறு கதை சொன்னது. வேலையை ஒன்பது படியாகப் பிரித்திருந்தோம்: பிரஷ்ஷை எடுப்பது, நனைப்பது, பசையைப் பிதுக்குவது என்று தொடங்கி, கொப்பளித்துவிட்டுப் பிரஷ்ஷைக் குவளையில் போடுவது வரை. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஓர் எழுத்து. அவன் கைமேல் என் கையை வைத்துச் செய்தால் ‘கை’. முழங்கையை லேசாகத் தொட்டாலே செய்தால் ‘தொ’. விரலால் காட்டினால் செய்வது ‘கா’. ஒன்றும் இல்லாமல் செய்தால் ‘தா’, தானே. கற்றுக்கொடுத்ததும் கடைசிப் படியிலிருந்துதான். எட்டுப் படியை அவன் கைமேல் கை வைத்து நான் செய்துவிடுவேன், பிரஷ்ஷைக் குவளையில் போடுவது மட்டும் அவன். முடித்த நிறைவு அவன் கையில் இருக்கும். முதல் மாதம் பக்கம் முழுவதும் ‘கை’. இரண்டாவது மாதம் அடியில் ஒரு ‘தொ’. நான்காவது மாதம் கடைசி மூன்று படியும் ‘தா’. வெளியிலிருந்து பார்த்தால் பல் தேய்க்கத் தெரியாத பையன். எனக்கு அந்தப் பக்கம் பொங்கல் கோலம்போல இருந்தது. ‘கை’ ‘தொ’வாக மாறிய நாளிலும் ஒரு ரீல் நூல் ஓடியது.

கணக்கு வைப்பவர்களுக்கு இன்னும் சில சொல்கிறேன். ஒரு நாளின் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், உடையவும் வேண்டாம். வாரச் சராசரியை மட்டும் கட்டம் போட்ட நோட்டில் புள்ளியாக வையுங்கள். ஏதாவது மாறினால், அதாவது புதிய மருந்து, பள்ளி மாற்றம், வீட்டில் விருந்தினர் என்றால், அந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு என்னவென்று எழுதுங்கள். காய்ச்சல் நாளை வட்டமிடுங்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவனுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், ஏழு வாரம் புனலூர் போகவில்லை, கணக்கு மூன்றிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது. எல்லாம் போயிற்று என்று நினைத்த நாளில் பழைய பக்கங்களைப் பார்த்தேன். முதல்முறை ஒன்பதிலிருந்து மூன்றுக்கு வர மூன்று மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. இந்த முறை ஐந்து வாரத்தில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் எண்ணவும் வேண்டாம். ஒரு நேரத்தில் இரண்டு விஷயம், அதற்குமேல் போனால் அம்மா கணக்குப்பிள்ளையாகிவிடுவாள், குழந்தையோடு விளையாட ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பொத்தான் பைக்கு விடுமுறை.

எதை எண்ணக் கூடாது என்பதையும் முடிவு செய்தோம். முதல் மையத்தில் ‘கண்ணைப் பார்த்தல்’ என்று ஒரு இலக்கு இருந்தது. அதை அடித்துவிட்டோம். அவன் சாய்ந்து பார்க்கும்போதுதான் நன்றாகக் கேட்கிறான். மகிழ்ச்சி வந்தால் இரண்டு கையையும் சிறகுபோல அடிப்பான், அதையும் யாரும் தடுப்பதில்லை. இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு உள்ளான ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர், யாருக்கும் தீங்கில்லாத அசைவுகளை அடக்கவைத்தது தங்களை எவ்வளவு காயப்படுத்தியது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்காமல் என் பிள்ளைக்கு இலக்கு வைக்க எனக்கு மனமில்லை. கடிப்பது அவனுக்கு வலிக்கிறது, அதனால் அது இலக்கு. கையடிப்பது எங்கள் கண்ணுக்குத்தான் புதிது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் போட்ட மதிப்பெண்ணையும் முன்னேற்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் அதற்குப் பயன்படும் அளவுகோலில் நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து, கூட்டுத்தொகை எழுபதோ அதற்குமேலோ வந்தால் ஆட்டிசம் என்று கொள்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கிடைக்கும் பல உரிமைகளுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும், வாங்கிவிடுங்கள். மாதாமாதம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்க்க அது உருவாக்கப்படவில்லை.

பெரியவள் ஒருநாள் ‘எனக்கு ஏன் நோட்டு இல்லை?’ என்று கேட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டும். என் கணவர் தம்பியின் வீடியோக்களைப் போன் ஸ்டேட்டஸில் போடுவதை நிறுத்திவிட்டார்.

புனலூரில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று இருந்தால் பிள்ளை குழம்புவான், ஒன்றை விடுங்கள் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆச்சியோடு பேசத் தமிழ் வேண்டும், விட முடியாது. டீச்சர் யோசனைப்படி அவன் ‘மதி’ என்றால் நாங்கள் ‘மதி, போதும்’ என்று சேர்த்துச் சொல்லி நிறுத்துவோம். அவனைத் திருப்பிச் சொல்லவைக்க மாட்டோம். டீச்சரிடம் சொல்வதை அப்பாவிடம் சொல்ல ஒரு மாதம், அப்பாவிடம் சொல்வதை அங்கன்வாடியில் சொல்ல நான்கு மாதம் ஆயிற்று. ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாக நடந்துவராது. யாரிடம், எங்கே என்று நோட்டில் தனிப் பத்தி போட்ட பிறகுதான் அது எங்களுக்குப் புரிந்தது.

இப்போது அவனுக்கு ஆறு வயது. கடிப்பது வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. சென்ற ஆனி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவு. ஆச்சி அவன் தட்டில் ரசம் சாதத்துக்குமேல் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றப் போனார். அவன் தட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். ‘போதும், ஆச்சி’ என்றான்.

போதும் என்பதும் முதல்முறை. ஆச்சி என்பதும் முதல்முறை.

கரண்டி அப்படியே நின்றது. என் கணவர் என்னைப் பார்த்தார். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சி கரண்டியை மெதுவாகச் சட்டியில் வைத்தார். “போதும்” என்று அதே அளவான குரலில் சொன்னார். எழுந்து அடுக்களைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்: ‘போதும், ஆச்சி. இரவுச் சாப்பாடு. தா.’

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தையல் பெட்டியிலிருந்து அவன் மஞ்சள் ரீலை எடுத்துக்கொண்டு வந்தான். நுனியை வாங்கித் தூணில் கட்டியது ஆச்சி.